கடைமடைக்கு எட்டாத 5 வோல்ட்

சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் மின்தொடர் வண்டி திருவள்ளூரைத் தாண்டிச் சிறிது நேரத்தில் கடம்பத்தூர் நிலையத்தில் நிற்கிறது. வண்டிக்கு மேலே செல்லும் கம்பியில் உள்ள மின்னழுத்தம் 25,000 வோல்ட். நிலையத்துக்கு வெளியே தெருவோரத்து மின்மாற்றி வீடுகளுக்கு வழங்குவது 230 வோல்ட். அவ்வீடுகளில் ஒன்றில் கணினியின் துளையில் செருகப்பட்டுள்ள, கட்டைவிரலைவிடச் சிறிய வைஃபை அடாப்டருக்குக் கிடைப்பது 5 வோல்ட். அந்த அடாப்டருக்குள் இருக்கும் சில்லு உண்மையில் வேலை செய்வது 3.3 வோல்ட்டில். சில்லின் கணக்குப் போடும் பகுதிக்கு அதுவும் அதிகம், 1.2 வோல்ட் அளவே அதற்குப் போதும்.

ஒரே ஊருக்குள் 25,000 வோல்ட்டிலிருந்து ஏறத்தாழ 1 வோல்ட் வரை இறங்கிவரும் இந்தப் படிக்கட்டில், கடைசிப் படிகளைப் பற்றியே இக்கட்டுரையில் காணப் போகிறோம். ஏனெனில் நம் கைக்கு எட்டும் படிகள் அவைதாம். அங்கே ஏற்படும் கோளாறுகளை நாமே கண்டுபிடிக்கவும் நாமே சரிசெய்யவும் முடியும்.

ஒரு விந்தை

மாணவர்களே, இப்படி ஒரு நிலையை எண்ணிப் பாருங்கள். வீட்டின் முன்கூடத்தில் வைஃபை ரௌட்டர் இருக்கிறது. பின்னறையில் பழைய கணினி. இடையில் இரண்டு கனத்த சுவர்கள். கணினியில் செருகிய யூஎஸ்பி அடாப்டருக்கு அலைகள் மிக மெலிந்தே வந்து சேர்கின்றன. கல்லூரிச் சேர்க்கைக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாள் நெருங்குகிறது. கடையில் 3 மீட்டர் நீளமுள்ள யூஎஸ்பி நீட்டிப்புக் கம்பி ஒன்றை வாங்கி, அதன் முனையில் அடாப்டரைச் செருகி, கதவின் அருகே கொண்டுவந்து வைக்கிறார் அந்த வீட்டு மாணவர். திரையில் ஒரு கோடாக இருந்த சிக்னல் நான்கு கோடாக உயர்கிறது. மகிழ்ச்சிதான். ஆனால் சான்றிதழின் படத்தை அனுப்பத் தொடங்கியதும் இணைப்பு அறுந்துவிடுகிறது. மீண்டும் இணைகிறது, மீண்டும் அறுகிறது.

சிக்னல் கூடியது, இணைப்போ நிற்கவில்லை! அடாப்டர் பழுது என்று சிலர் சொல்வார்கள். வீட்டு மின்சாரத்தில் ‘லோ வோல்டேஜ்’ என்று வேறு சிலர் சொல்வார்கள். இருவர் சொல்வதும் சரியாக இருக்க வேண்டியதில்லை. அடாப்டரைக் குப்பையில் எறிவதற்கு முன் அது எவ்வளவு மின்சாரம் உண்கிறது, அந்த மின்சாரம் எந்த வழியாக வருகிறது என்பதைத் தெரிந்துகொள்வோம்.

இத்தகைய அடாப்டர்களுக்குத் தேவை இன்றும் இருக்கிறது. மேசைக் கணினிகள் பலவற்றில் வைஃபை வசதி உள்ளேயே அமைந்திருப்பதில்லை. மடிக்கணினிகளிலும் உள்ளிருக்கும் வைஃபை பழுதானால், குறைந்த செலவில் செய்யக்கூடிய மாற்று இந்த அடாப்டர்தான். கடம்பத்தூரிலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத காக்களூரில்தான் 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. அந்நாளைய கணினிகளை இன்னும் சில ஆண்டுகள் உழைக்க வைக்க விரும்புவோருக்கு இந்தச் சிறு கருவி நல்ல துணை.

கைக்கு அடங்கிய வானொலி நிலையம்

வைஃபை அடாப்டர் என்பது ஒரு சின்னஞ்சிறு வானொலி நிலையம். அதே நேரத்தில் அது ஒரு வானொலிப் பெட்டியும் ஆகும். ரௌட்டர் அனுப்பும் அலைகளை வாங்கும்போது அது பெட்டி. தானே அலைகளை அனுப்பும்போது அது நிலையம். பெரும்பாலும் 2.4 ஜிகாஹெர்ட்ஸ், 5 ஜிகாஹெர்ட்ஸ் என்னும் அதிர்வெண் பட்டைகளில் இவ்வேலை நடைபெறுகிறது. இவற்றுள் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் பட்டையைக் குறைந்த திறனில் பயன்படுத்த இந்தியாவில் 2005-ஆம் ஆண்டு முதல் உரிமம் தேவையில்லை.

கேட்பது எளிது, பேசுவது கடினம் என்பது மின்னணுக் கருவிகளுக்கும் பொருந்தும். அலைகளுக்காகக் காத்திருக்கும்போது சிறிய அடாப்டர் ஒன்று பொதுவாக 100 மில்லி ஆம்பியர் அளவில் மின்னோட்டத்தை எடுத்துக்கொள்கிறது. அலைகளை அனுப்பும் கணத்தில் இது 200, 300 என்று தாவுகிறது. பெரிய ஆன்டெனா பொருத்திய, வலிமை மிக்க அடாப்டர்கள் 400, 500 மில்லி ஆம்பியர் வரைகூடக் கேட்கும்.

மின்திறன் என்பது மின்னழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் பெருக்கிவரும் தொகை என்பதை நீங்கள் படித்திருப்பீர்கள். 5 வோல்ட்டில் 400 மில்லி ஆம்பியர் என்றால், 5 × 0.4 = 2 வாட். ஆனால் ஆன்டெனாவிலிருந்து அலையாக வெளியேறுவது 0.1 வாட் அளவே! மீதி 1.9 வாட் எங்கே போயிற்று? அடாப்டரைத் தொட்டுப் பாருங்கள், வெதுவெதுப்பாக இருக்கும். மீதியெல்லாம் வெப்பமாகிவிட்டது.

இவ்வளவு வீண் ஏன்? வைஃபை அலையின் உயரம் ஒரே சீராக இருப்பதில்லை. கணத்துக்குக் கணம் அது மிக உயர்ந்தும் தாழ்ந்தும் செல்கிறது. மிக உயர்ந்த அலையையும் சிதைக்காமல் பெருக்க வேண்டுமென்றால், பெருக்கியைத் தேவைக்கு அதிகமான மின்சாரத்துடன் எப்போதும் தயார்நிலையில் வைத்திருக்க வேண்டியுள்ளது. எனவே பெருக்கி எடுத்துக்கொள்ளும் மின்திறனில் சிறு பகுதியே அலையாகிறது. இவை போக, தகவலை அலையாகவும் அலையைத் தகவலாகவும் மாற்றும் கணக்குகளுக்கும் மின்திறன் செலவாகிறது.

இங்கே இன்னொரு செய்தியையும் கவனியுங்கள். ரௌட்டர் அருகில் இருந்தால் அடாப்டர் வேகமாகப் பேசும். தொலைவில் இருந்தால் மெதுவாகப் பேசும். நாமும் அப்படித்தானே? தொலைவில் நிற்பவரிடம் ஒவ்வொரு சொல்லாக நிறுத்தித்தான் கூவுகிறோம். 1,500 பைட் கொண்ட ஒரு தகவல் பொட்டலத்தை எடுத்துக்கொள்வோம். அதில் 12,000 பிட்கள் உள்ளன. நொடிக்கு 54 மெகாபிட் வேகத்தில் அதனை அனுப்ப ஏறத்தாழ 0.22 மில்லி நொடி போதும். நொடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் 12 மில்லி நொடி தேவை. அதாவது அதே செய்தியை அனுப்ப 54 மடங்கு நேரம் பெருக்கி இயங்க வேண்டும். ஆகையால் அடாப்டரை ரௌட்டருக்கு அருகே கொண்டுவர நினைத்த மாணவரின் எண்ணம் தவறன்று. கோளாறு வேறிடத்தில் இருக்கிறது.

யூஎஸ்பி விதித்த எல்லைகள்

யூஎஸ்பி என்னும் இணைப்பு முறையை உருவாக்கியோருள் முதன்மையானவர் அஜய் பட். பரோடாவில் உள்ள மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் படித்து, அமெரிக்காவின் இன்டெல் நிறுவனத்தில் பணியாற்றிய பொறியாளர் இவர். இம்முறையின் முதல் விதிமுறை 1996-இல் வெளிவந்தது. தகவலும் மின்சாரமும் ஒரே கம்பியில் செல்ல வேண்டும் என்பது இதன் சிறப்பு.

2000-ஆம் ஆண்டில் வெளியான யூஎஸ்பி 2.0 விதிமுறைப்படி, கணினியின் துளையில் மின்னழுத்தம் 4.75 வோல்ட்டுக்குக் குறையவும் 5.25 வோல்ட்டுக்கு மேற்படவும் கூடாது. செருகிய உடனே எந்தக் கருவியும் 100 மில்லி ஆம்பியருக்கு மேல் எடுக்கக் கூடாது. முதலில் அது கணினியிடம் தன்னை அறிமுகம் செய்துகொண்டு, தனக்கு எவ்வளவு தேவை என்று சொல்ல வேண்டும். கணினி இசைந்த பிறகு 500 மில்லி ஆம்பியர் வரை எடுக்கலாம். 2008-இல் வந்த யூஎஸ்பி 3.0 முறையில் இந்த எல்லை 900 மில்லி ஆம்பியராக உயர்ந்தது.

ஒரு துளையை நான்காகப் பிரிக்கும் ‘ஹப்’ என்னும் பெட்டியைப் பார்த்திருப்பீர்கள். தனக்கென்று மின்வழங்கி இல்லாத ஹப், கணினி தரும் 500 மில்லி ஆம்பியரையே பங்கிட வேண்டும். தனக்கு 100 போக, நான்கு துளைகளுக்கும் ஆளுக்கு 100 என்பதே விதி. அதில் வைஃபை அடாப்டரைச் செருகினால், ‘எனக்கு 500 வேண்டும்’ என்று அது கேட்கும். ‘போதிய மின்சாரம் இல்லை’ என்று கணினி மறுத்துவிடும். இதில் ஒளிவுமறைவு இல்லை. செய்தி திரையிலேயே வரும். ஆனால் நீட்டிப்புக் கம்பி செய்யும் தீங்கு திரையில் எழுதப்படுவதில்லை.

கம்பி விழுங்கும் மின்னழுத்தம்

திருவள்ளூர் மாவட்டம் ஏரிகள் நிறைந்தது. ஏரிப் பாசனம் தெரிந்தவர்களுக்குக் கடைமடையின் துன்பமும் தெரியும். மதகில் நீர் பாய்ந்தோடினாலும் வாய்க்காலின் கடைசியில் உள்ள வயலுக்கு அந்த வேகம் இருக்காது. வாய்க்கால் நீளமாகவும் குறுகலாகவும் இருந்தால், கடைமடைக்கு எட்டுவது இன்னும் குறையும்.

மின்சாரத்துக்குக் கம்பிதான் வாய்க்கால். கம்பியின் மின்தடையையும் அதில் ஓடும் மின்னோட்டத்தையும் பெருக்கினால், வழியில் இழக்கப்படும் மின்னழுத்தம் கிடைக்கும். இதுவே ஓம் விதி. நினைவில் கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. மின்னோட்டம் ஓடினால்தான் இழப்பு. ஓட்டம் இல்லாதபோது கம்பியின் இரு முனைகளிலும் 5 வோல்ட்டே இருக்கும்.

இப்போது நம் மாணவரின் கம்பியைக் கணக்கிடுவோம். விலை குறைந்த யூஎஸ்பி கம்பிகள் பலவற்றில், மின்சாரம் செல்லும் செப்பு இழையின் குறுக்களவு 0.32 மில்லிமீட்டர்தான். இதன் மின்தடை மீட்டருக்கு ஏறத்தாழ 0.21 ஓம். மின்னோட்டம் போகவும் வரவும் வேண்டும் அல்லவா? எனவே 3 மீட்டர் கம்பி என்பது மின்சாரத்துக்கு 6 மீட்டர் பயணம். 6 × 0.21 = 1.26 ஓம். செருகிகள் ஒன்றையொன்று தொடும் இடங்களுக்கு 0.1 ஓம் என்று சேர்த்துக்கொண்டால் மொத்தம் 1.36 ஓம்.

அடாப்டர் அலைகளை வாங்கும்போது 0.1 ஆம்பியர் எடுக்கிறது என்போம். இழப்பு 0.1 × 1.36 = 0.14 வோல்ட் அளவே. கணினித் துளையில் விதிமுறைப்படியான கீழெல்லையாகிய 4.75 வோல்ட் இருந்தாலும் அடாப்டருக்கு 4.61 வோல்ட் கிடைக்கும். பாதகமில்லை.

அது அலைகளை அனுப்பும்போது 0.4 ஆம்பியர் எடுக்கிறது. இழப்பு 0.4 × 1.36 = 0.54 வோல்ட். அடாப்டருக்கு எட்டுவது 4.21 வோல்ட் மட்டுமே! பேசாமல் இருக்கும்வரை நன்றாக இருந்த மின்னழுத்தம், பேச வாய் திறந்ததும் சரிந்துவிடுகிறது. சிக்னல் கோடுகள் நான்காக உயர்ந்ததற்கும், படத்தை அனுப்பும்போது இணைப்பு அறுந்ததற்கும் இடையே முரண்பாடு இல்லை என்பது இப்போது விளங்கும். கோடுகள், கேட்கும் திறனைக் காட்டுகின்றன. அறுந்தது பேசும்போது.

பெரிய அளவிலும் இதே விதிதான். கடம்பத்தூர் வழியே செல்லும் இருப்புப்பாதையில் பெயரளவு மின்னழுத்தம் 25,000 வோல்ட். ஆனால் இத்தகைய மின்பாதைகளில் 19,000 முதல் 27,500 வோல்ட் வரை ஏறி இறங்கினாலும் வண்டிகள் ஓட வேண்டும் என்று சர்வதேச விதிமுறை கூறுகிறது. துணைமின் நிலையத்திலிருந்து தொலைவில், பல வண்டிகள் ஒரே நேரத்தில் மின்சாரத்தை இழுக்கும்போது கடைசி வண்டிக்கு எட்டும் மின்னழுத்தம் குறைவது இயல்பு.

சீராக்கியின் வேலை

மின்னழுத்தம் ஏறினாலும் இறங்கினாலும் மாறாத அளவில் அதனைத் தருவது மின்னழுத்தச் சீராக்கி. குளிர்பதனப் பெட்டிக்கு அருகில் ‘ஸ்டெபிலைசர்’ என்ற பெயரில் சுவரில் மாட்டியிருக்கிறோமே, அதன் சிறிய உறவினர்தான் இது. அடாப்டருக்குள் அரிசி மணியைவிடச் சற்றுப் பெரிய கறுப்புச் சில்லாக இது ஒட்டப்பட்டிருக்கும். 5 வோல்ட்டை 3.3 வோல்ட்டாக்குவது இதன் கடமை.

வீட்டு மின்சாரத்தின் ஏற்ற இறக்கம் அடாப்டரைத் தாக்காதா என்று கேட்கலாம். இந்தியாவில் 230 வோல்ட் மின்வழங்கல் 6 சதவீதம் வரை கூடவோ குறையவோ செய்யலாம். அதாவது ஏறத்தாழ 216 முதல் 244 வோல்ட் வரை. கோடைக்கால மாலையில் இன்னும் கீழே இறங்கும் இடங்களும் உண்டு. ஆனால் கணினியின் மின்வழங்கிக்குள் ஒரு நல்ல சீராக்கி இருக்கிறது. 230 வோல்ட் 200 ஆகக் குறைந்தாலும் அது 5 வோல்ட்டைக் குறையாமல் தந்துகொண்டிருக்கும். ஆகவே ‘லோ வோல்டேஜ்’ மீது பழி போடுவது இங்கே பொருந்தாது.

உண்மைக் குற்றவாளி எங்கே? கணினிக்குள் சீராக்கப்பட்டு வெளிவந்த 5 வோல்ட்டை, அதற்குப் பின்னால் நாம் இணைத்த 3 மீட்டர் கம்பி கெடுத்துவிட்டது. இங்கேதான் இக்கட்டுரையின் முக்கியக் கருத்து இருக்கிறது: சீராக்கி, தனக்குப் பின்னால் உள்ள கம்பியைக் காப்பாற்ற முடியாது. மின்னழுத்தம் பிறக்கும் இடத்தில் சரியாக இருப்பது போதாது. வேலை நடக்கும் இடத்தில் சரியாக இருக்க வேண்டும். அதனால்தான் ஒவ்வொரு கருவிக்குள்ளும், சில்லுக்கு மிக அருகிலேயே இன்னொரு சீராக்கி வைக்கப்படுகிறது.

அப்படியானால் அந்த இரண்டாவது சீராக்கி 4.21 வோல்ட்டிலிருந்து 3.3 வோல்ட்டைத் தந்துவிடலாமே? 4.21 என்பது 3.3-ஐவிடப் பெரிது அல்லவா? இங்கே ஒரு நுட்பம் உண்டு. சீராக்கிக்குத் தன் வேலையைச் செய்யக் கொஞ்சம் இடைவெளி தேவை. மலிவான, பரவலாகப் பயன்படும் ஒருவகைச் சீராக்கிக்கு இந்த இடைவெளி ஏறத்தாழ 1.1 வோல்ட். 3.3-உடன் 1.1-ஐக் கூட்டினால் 4.4. ஆகவே உள்ளே வருவது 4.4 வோல்ட்டுக்குக் குறைந்தால் சீராக்கி கைவிட்டுவிடும். நம் கணக்கில் வந்தது 4.21, வெளியே கிடைப்பது 4.21 − 1.1 = 3.11 வோல்ட். 3.3 வோல்ட்டில் 5 சதவீதக் குறைவைச் சில்லு பொறுத்துக்கொள்ளும் என்று கொண்டால் எல்லை 3.135 வோல்ட். அந்த எல்லையும் தாண்டிவிட்டது. சில்லு குழம்பி, தன்னைத் தானே மீண்டும் தொடங்குகிறது. இணைப்பு அறுகிறது.

இருவகைச் சீராக்கிகள்

மேலே சொன்னது நேர்வகைச் சீராக்கி. வேண்டாத மின்னழுத்தத்தைத் தன் மேல் தாங்கிக்கொண்டு வெப்பமாக்கிவிடுவது இதன் வழி. 5-லிருந்து 3.3 வோல்ட்டுக்கு இறக்கும்போது 1.7 வோல்ட் வீணாகிறது. 0.4 ஆம்பியர் ஓடினால் 1.7 × 0.4 = 0.68 வாட் வெப்பம். உள்ளே வந்த 2 வாட்டில் மூன்றில் ஒரு பங்கு, அலையாகவும் மாறாமல் கணக்கும் போடாமல் வீணே போய்விட்டது.

மற்றொன்று நிலைமாற்றிச் சீராக்கி. இது குழாயைப் பாதி மூடிவைப்பதில்லை. முழுதும் திறந்து, முழுதும் மூடி, நொடிக்குப் பல லட்சம் முறை அவ்வாறே செய்கிறது. ஒவ்வொரு சுற்றிலும் 66 சதவீத நேரம் திறந்திருந்தால் 5 வோல்ட்டின் சராசரி 3.3 வோல்ட் ஆகிவிடும் அல்லவா? ஒரு கம்பிச்சுருளும் ஒரு மின்தேக்கியும் சேர்ந்து இந்தத் துண்டு துண்டான மின்சாரத்தைச் சீரான ஓட்டமாக்குகின்றன. இதில் வீணாவது குறைவு. 90 சதவீதத் திறனுடன் இயங்கும் சீராக்கி என்றால், சில்லுக்கு வேண்டிய 3.3 × 0.4 = 1.32 வாட்டைத் தர, உள்ளே 1.47 வாட் போதும். அதாவது யூஎஸ்பி கம்பியில் 0.4 ஆம்பியருக்குப் பதில் ஏறத்தாழ 0.3 ஆம்பியரே ஓடும். கம்பியில் இழக்கப்படும் மின்னழுத்தமும் அதே விகிதத்தில் குறையும். ஒரு கல்லில் இரண்டு மாங்காய்!

பிறகு ஏன் எல்லா அடாப்டர்களிலும் இதையே வைக்கவில்லை? கம்பிச்சுருளுக்கு இடம் வேண்டும்; விலையும் கூடும். மேலும் லட்சக்கணக்கான முறை திறந்து மூடுவதால் சிறிய மின் இரைச்சல் உண்டாகிறது. மெல்லிய வானலைகளைக் கேட்க வேண்டிய கருவிக்கு அருகில் இரைச்சலிடும் அண்டை வீட்டார் இருந்தால் எப்படி இருக்கும்? எனவே பொறியாளர்கள் இரண்டையும் எடைபோட்டுப் பார்த்தே முடிவு செய்கிறார்கள்.

வாசலில் ஒரு குடம்

குழாயில் நீர் மெதுவாக வந்தாலும், வாசலில் ஒரு குடம் நிறைய நீர் இருந்தால் திடீர்த் தேவைக்கு எடுத்துக்கொள்ளலாம். மின்சாரத்துக்கு அந்தக் குடம், மின்தேக்கி. அடாப்டருக்குள் பெரிய மின்தேக்கியை வைத்துவிட்டால் கணநேரத் தாவல்களைச் சமாளிக்கலாமே?

யூஎஸ்பி விதிமுறை இதற்கும் எல்லை வைத்துள்ளது. செருகிய கணத்தில் கணினியின் துளை மீது சுமையாக விழும் மின்தேக்கி 10 மைக்ரோ ஃபாரடுக்கு மேற்படக் கூடாது. பெரிய காலிக்குடம் செருகியவுடன் மின்சாரத்தையெல்லாம் உறிஞ்சிவிட்டால், பக்கத்துத் துளையில் உள்ள கருவிகள் தடுமாறும். 10 மைக்ரோ ஃபாரடு மின்தேக்கி மட்டுமே 0.3 ஆம்பியரைத் தர வேண்டுமென்றால், 33 மைக்ரோ நொடியில் அதன் மின்னழுத்தம் 1 வோல்ட் இறங்கிவிடும். ஒரு தகவல் பொட்டலத்தை அனுப்பவே 220 மைக்ரோ நொடி தேவை என்று முன்பு கண்டோம். ஆகவே குடம் ஒரு மிடறுக்கு உதவும். தாகத்தைத் தீர்க்க வாய்க்கால்தான் சரியாக இருக்க வேண்டும்.

ஒரு சிறு கணினி தந்த பாடம்

இவையெல்லாம் வெறும் ஏட்டுக் கணக்கல்ல. 2012 பிப்ரவரி 29 அன்று இங்கிலாந்தில் ‘ராஸ்பெரி பை’ என்னும் சிறு கணினி வெளியானது. மாணவர்கள் குறைந்த விலையில் கணினி அறிவியல் கற்க வேண்டும் என்பதற்காக உருவாக்கப்பட்ட இது, உள்ளங்கையில் அடங்கும். அதில் வைஃபை கிடையாது. எனவே பலரும் யூஎஸ்பி அடாப்டரைச் செருகினார்கள். பலருக்கு அது இயங்கவில்லை. சிலருக்குக் கணினியே நின்று மீண்டும் தொடங்கியது.

காரணம் பின்னர் விளங்கியது. முதலில் வந்த பலகைகளில் ஒவ்வொரு யூஎஸ்பி துளைக்கும் 140 மில்லி ஆம்பியர் அளவுள்ள, தானே மீளும் உருகி ஒன்று பொருத்தப்பட்டிருந்தது. விசைப்பலகைக்கும் சுட்டிக்கும் அது போதும். வைஃபை அடாப்டருக்குப் போதாது. அந்த உருகியின் சொந்த மின்தடையே மின்னழுத்தத்தை விழுங்கியது. அதே ஆண்டில் வந்த திருத்திய பலகைகளில் அவ்வுருகிகள் நீக்கப்பட்டன.

2014 ஜூலையில் வந்த ‘பி பிளஸ்’ பலகையில் நேர்வகைச் சீராக்கிகளுக்குப் பதிலாக நிலைமாற்றிச் சீராக்கிகள் வைக்கப்பட்டன. இதனால் மட்டும் அரை வாட் முதல் 1 வாட் வரை மிச்சமானது. மின்னழுத்தம் 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் அணைந்துவிடும் சிவப்பு விளக்கும் அதில் இருந்தது. கண்ணுக்குத் தெரியாத குறையைக் கண்ணுக்குக் காட்டிய அந்த விளக்கு, விலை உயர்ந்த கருவிகளுக்கும் ஒரு பாடம். பின்னர் இக்கணினிக்கென விற்கப்பட்ட மின்வழங்கி 5 வோல்ட்டுக்குப் பதில் 5.1 வோல்ட் தரும்படி அமைக்கப்பட்டது. வழியில் கம்பி எடுத்துக்கொள்ளும் பங்கை முன்கூட்டியே சேர்த்துக் கொடுக்கும் ஏற்பாடு அது.

என்ன செய்யலாம்?

நம் மாணவரிடம் திரும்புவோம். அவருக்குப் பல வழிகள் உண்டு.

முதல் வழி, கம்பியைக் குறைப்பது. அரை மீட்டர் கம்பியானால் இழப்பு ஏறத்தாழ 0.12 வோல்ட்தான். அடாப்டரைக் கணினியின் பின்புறத்து இரும்புப் பெட்டியின் மறைவிலிருந்து வெளியே கொண்டுவர இதுவே பெரும்பாலும் போதும்.

இரண்டாவது, பருமனான இழை. 0.51 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள இழையின் மின்தடை மீட்டருக்கு 0.084 ஓம்தான். 3 மீட்டர் நீளத்திலும் அடாப்டருக்கு ஏறத்தாழ 4.5 வோல்ட் எட்டும். ஆனால் யூஎஸ்பி 2.0 விதிமுறை நீட்டிப்புக் கம்பிகளை ஏற்கவில்லை என்பதை அறிந்துகொள்ளுங்கள். கடையில் விற்பதனால் மட்டும் ஒரு பொருள் விதிமுறைக்கு உட்பட்டதாகிவிடாது.

மூன்றாவது, தனி மின்வழங்கியுள்ள ஹப்பைக் கம்பியின் கடைமடையில் வைப்பது. அடாப்டருக்கு வேண்டிய மின்சாரம் அங்கேயே கிடைத்துவிடும். நீளக் கம்பியில் தகவல் மட்டும் செல்லும். சீராக்கியை வேலை நடக்கும் இடத்துக்கே கொண்டுசெல்வது என்பது இதுதான்.

நான்காவது, வாய்க்காலையே மாற்றுவது. ரௌட்டரிலிருந்து கணினிக்கு நேராக வலைப்பின்னல் கம்பியை இழுத்துவிட்டால், 100 மீட்டர் வரைகூடச் செல்லலாம், அடாப்டரே தேவையில்லை.

இவற்றில் எதைச் செய்தாலும், அடாப்டர் ‘பழுது’ என்று தூக்கி எறியப்படாமல் தப்பும். எறியப்படும் ஒவ்வொரு மின்னணுக் கருவியும் செம்பையும் பிற உலோகங்களையும் சுமந்துகொண்டுதான் குப்பைமேட்டுக்குப் போகிறது. ஓம் விதி தெரிந்த ஒருவர் அதில் ஒன்றையாவது குறைக்கலாம்.

செய்து பாருங்கள்

ஒன்றரை வோல்ட் மின்கலங்கள் மூன்றைத் தொடராக இணையுங்கள். 0.3 ஆம்பியர் எடுக்கும் டார்ச் பல்பு இரண்டு, பூச்சுள்ள மெல்லிய செப்புக் கம்பி 10 மீட்டர், ஒரு மல்டிமீட்டர் ஆகியவை வேண்டும். கம்பியை இரண்டு 5 மீட்டர் துண்டுகளாக்கி, முனைகளில் பூச்சைச் சுரண்டி, ஒரு பல்பை இணையுங்கள். மின்கலத்தின் முனைகளிலும் பல்பின் முனைகளிலும் மின்னழுத்தத்தை அளந்து எழுதுங்கள். பிறகு இரண்டாவது பல்பையும் முதல் பல்புக்கு இணையாகச் சேர்த்து மீண்டும் அளவுகளை எடுங்கள். மின்கலத்துக்கும் பல்புக்கும் இடையே உள்ள வேறுபாடு ஏறக்குறைய இருமடங்காவதைக் காண்பீர்கள். மின்கலத்தின் முனையிலும் சிறிது குறைந்திருக்கும். அது ஏன் என்று சிந்தியுங்கள். வீட்டின் 230 வோல்ட் மின்சாரத்தில் இச்சோதனையை ஒருபோதும் செய்யக் கூடாது.

மல்டிமீட்டர் நொடிக்குச் சில முறைதான் அளக்கிறது என்பதையும் மறவாதீர்கள். மில்லி நொடியில் வந்துபோகும் வைஃபை அடாப்டரின் சரிவை அது காட்டாது, சராசரியைத்தான் காட்டும். ஆகவே ‘மீட்டரில் 4.7 வோல்ட் சரியாக இருக்கிறதே’ என்று யாராவது சொன்னால், ‘பேசும்போது எவ்வளவு?’ என்று கேளுங்கள்.

இறுதியாக ஒரு கணக்கு. கணினித் துளையில் 5 வோல்ட் இருக்கிறது. அடாப்டர் அனுப்பும்போது 0.3 ஆம்பியர் எடுக்கிறது. அதற்குக் குறைந்தது 4.4 வோல்ட் வேண்டும். இழையின் மின்தடை மீட்டருக்கு 0.21 ஓம், செருகிகளுக்கு 0.1 ஓம். அதிகபட்சம் எத்தனை மீட்டர் கம்பியைப் பயன்படுத்தலாம்? துளையில் 4.75 வோல்ட்டே இருந்தால் அந்த நீளம் எவ்வளவாகக் குறையும்? விடையை நீங்களே கண்டுபிடித்துவிட்டு, வீட்டில் இருக்கும் கம்பியை அளந்து பாருங்கள்.